கால்மாட்டில் மடித்த துணி

வார்டம்மாவைக் கண்டு பயமே பயந்து ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில், ஆண்கள் வார்டில், அவளுக்கு உதவியாளர் வேலை. விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைப்பது, பெட்பேன் எடுப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. டாக்டர்கள் வந்து போனார்கள், நர்ஸுகள் மாறிப் போனார்கள். இவள் மட்டும் அந்த வார்டுச் சுவரோடு சேர்த்துப் பூசியவள் போல நிலைத்திருந்தாள். சொந்தப் பெயர் தேய்ந்துபோய் வார்டம்மா என்பதே பெயராயிற்று. ஆறடி ஆளைக் கைக்குழந்தை மாதிரி அள்ளிப் புரட்டிப் போடுவாள். ஒரு முறை மின்சாரம் போய், நோயாளியோடு லிஃப்ட் நடுவழியில் நின்றபோது, லிஃப்டை அதட்டியே மேலே ஏற்றிவிட்டாள் என்பார்கள். நான் நம்புகிறேன். அவள் அதட்டலை ஒரு தடவை கேட்டிருந்தால் நீங்களும் நம்புவீர்கள்.

அந்த வார்டில் யாராவது இறந்துவிட்டால் வாயால் சொல்லக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவன் காதில் விழுந்தால் அவனும் துணைக்குக் கிளம்பிவிடுவான். அதனால் உதவியாளர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். திரை மறைவில் உடலை அனுப்பிய பிறகு, புது விரிப்பை இழுத்துச் செருகி, போர்வையை நீளவாக்கில் மடித்துக் கால்மாட்டில் குறுக்கே போடுவார்கள். பக்கத்து மேசையில் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். செருப்பு கிடந்தால் ஜோடி சேர்த்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவள் நுழைந்ததும் ஒரு பார்வை பார்ப்பாள். "பயணம் போயாச்சா?" என்பாள். "ம், காலைலயே" என்பாள் வார்டம்மா. அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குவாள்.

அப்படிப்பட்டவளைக் கவிழ்த்தது அவள் புருஷனின் விசில்.

அவர் பஸ் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேதாந்தம். ஒரு நாள் நெரிசலுக்கு நடுவே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருக்கு இடது தோளில் யாரோ மூட்டையை இறக்கியது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மூட்டையும் இல்லை, ஆளும் இல்லை. நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ் நின்றது. "யாருப்பா இறங்கறது?" என்று டிரைவர் கத்த, "நான்தான்" என்றாராம்.

கொண்டுவந்து போட்ட இடம் எது தெரியுமா? அவள் வார்டு. சன்னலோரக் கட்டில். அந்தக் கட்டிலின் போர்வையை அவள் எத்தனை பேருக்கு மடித்திருக்கிறாளோ! மூன்று நாள் அவள் உட்காரவில்லை. போர்வையின் நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கட்டிலோடு நின்றாள். யாரும் அதை மடித்துவிடக் கூடாதாம்.

அவர் பிழைத்துக்கொண்டார். அடைப்பை நீக்கி அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இனிமே நீங்க எல்லாரையும் போல இருக்கலாம். நடங்க, படி ஏறுங்க, வேணும்னா நீந்தக்கூட செய்யுங்க." கண்டக்டர் காதில் 'நீந்துங்க' என்பது மட்டும் விழுந்தது. வார்டம்மா காதில் எதுவுமே விழவில்லை.

குடித்தனம் வந்த பயம் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது. அவர் மாடிப்படியில் கால் வைத்தால் இவளுக்கு மூச்சு வாங்கும். வாளியைத் தூக்கினால் பிடுங்குவாள். பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் மூக்குக்குக் கீழே விரலை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவருடைய பழைய விசிலைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். "நெஞ்சு வலிச்சா ஒரு விசில். சும்மா கூப்பிடறதுன்னா ரெண்டு."

"காபி வேணும்னா?"

"ரெண்டு."

"உன் தொல்லை தாங்கலைன்னா?"

"அதுக்கு விசில் இல்லை."

மகள் வந்து பார்த்தாள். அப்பாவுக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அம்மாதான் கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, நிழல் மாதிரி நடமாடினாள். "அப்பாவைப் பிடிச்ச நோய் அவரை விட்டுட்டு உன்னைப் பிடிச்சுக்கிச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்க அறை பதிவு செய்துவிட்டாள். "சும்மா இருங்க. சாப்பிடுங்க, தூங்குங்க. அங்க போயும் அவர் மூக்கைத் தடவிக்கிட்டு இருக்காதே."

ரிசார்ட் என்றால் ஊரைவிட்டுத் தள்ளி, மரங்களுக்கு நடுவே, ஒரு அரசாங்கத்தையே உள்ளே வைத்து நடத்தும் அளவுக்கு விரிந்து கிடந்தது. வாசலிலிருந்து அறைக்குப் போகவே மின்சார வண்டி. வழியில் நட்ட செடி, திரும்பி வருவதற்குள் பூத்துவிடும் போலிருந்தது. கண்டக்டர் அந்த வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டு, "போலாம் ரைட்!" என்றார். வார்டம்மா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அதற்கு முன்பே வரவேற்பறையில் அவள் முதல் விசாரணையை முடித்திருந்தாள்.

"இங்கேருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்மா?"

அங்கே நின்ற பெண் புன்னகையைக் கலைக்காமல், "இங்க எல்லாரும் ரிலாக்ஸ் பண்ணத்தான் வருவாங்க மேடம். மசாஜ் இருக்கு, நீராவிக் குளியல் இருக்கு" என்றாள்.

"ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கா?"

"தோட்டத்துல நல்ல காத்து வரும் மேடம்."

அறைக் கதவைத் திறந்தபோது குளிர்ந்த காற்றும் பூ வாசனையும் ஒன்றாக வந்தன. கண்டக்டர் "அடேங்கப்பா!" என்றார். வார்டம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. கால்மாட்டில், குறுக்கே, நீளவாக்கில் மடித்த பழுப்புத் துணி. பக்கத்து மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், கவிழ்த்து. கட்டிலுக்குக் கீழே வெள்ளைச் செருப்பு இரண்டு ஜோடி, வாசலைப் பார்த்து.

இரண்டு ஜோடி! அப்படியானால் போனது இரண்டு பேர்.

"என்னங்க... இந்த ரூம் வேணாம்."

"ஏன்?"

"யாரோ போயிருக்காங்க."

"போனாத்தானேடி நமக்குக் குடுப்பாங்க? ஆள் இருக்கும்போதேவா குடுப்பாங்க?"

அவருக்கு எப்படிச் சொல்வது? வார்டின் அந்த வழக்கத்தைப் புருஷனிடம்கூட அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கும் அந்தச் சன்னலோரக் கட்டில் ஞாபகம் வந்துவிடுமே. ஓடிப்போய் டம்ளர்களை நிமிர்த்தினாள். பழுப்புத் துணியை உருவிச் சுருட்டி அலமாரியின் அடியில் திணித்தாள். செருப்புகளைக் காலால் சிதறடித்தாள். கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரூமுக்கு வந்து ஒரு நிமிஷம் ஆகலை. அதுக்குள்ள நம்ம வீடு மாதிரி ஆக்கிட்டியே."

கட்டிலோ, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தோணி விட வேண்டிய அகலம். அவர் அந்தக் கரையில் படுத்தால் இவள் கை மூக்குக்கு எட்டவில்லை. வீட்டில் பழம்போர்வை, மெல்லிசு. நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும். இங்கே மெத்தை மேல் இன்னொரு மெத்தையைப் போர்த்தியது போல ஒரு பஞ்சுப் பொதி. அதற்கு அடியில் மனிதன் இருக்கிறானா, இருந்தால் மூச்சு விடுகிறானா என்று அவனைப் படைத்தவனுக்கும் தெரியாது. துண்டின் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். அவர் புரண்டால் இவள் கை இழுபட்டது. இழுபடும்போதெல்லாம் உயிர் வந்தது. இழுபடாத நேரங்களில் இவள் இழுத்துப் பார்த்தாள். பொழுது விடிந்தபோது இரண்டு பேர் கண்ணும் கோவைப்பழமாக இருந்தன.

சும்மா சொல்லக் கூடாது, நல்லதும் இருந்தது. காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பழங்களை அடுக்கியிருந்த உயரத்துக்கு ஏணி வைத்துத்தான் மேல் பழத்தை எடுக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஒருவர், தண்ணீர் ஊற்ற ஒருவர். இவள் குடித்து முடித்த டம்ளரைத் தானே கழுவப் போனபோது, "வச்சிடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எச்சிலை எடுத்தவள் அவள். 'நாங்க பாத்துக்கறோம்' என்ற சொல்லை இவள்தான் உலகத்துக்குச் சொல்லியிருக்கிறாள். உலகம் இவளுக்குச் சொன்னது அன்றுதான். கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கண்டக்டர் தட்டில் பொரித்த கோழியோடு வந்தார். நிறைந்த கண் அப்படியே உருண்டது. தட்டு கைமாறியது. அவர் முன்னால் பப்பாளித் துண்டு வந்து உட்கார்ந்தது.

தோட்டத்தில் மரக்கிளையில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். "உட்காரு" என்றார் கண்டக்டர். உட்கார்ந்தாள். அவர் பின்னாலிருந்து ஆட்டினார். ஊஞ்சல் மேலே போனது, வயிறு கூசியது, கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு ஒன்று எங்கிருந்தோ தவறி வெளியே வந்துவிட்டது. அவரும் சிரித்தார். "ஆட்டினது நான்தான், எனக்கு ஒண்ணும் ஆகலையே, பாத்தியா?" என்றார். பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்வை. உடனே காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள்.

"வேர்க்குது உங்களுக்கு."

"வெயில்டி இது. வெயில்ல கல்லுக்கே வேர்க்கும்."

அதே நேரத்தில் நீண்ட விசில் ஒன்று கேட்டது. அவள் ஊஞ்சலிலிருந்து விழாத குறை. அவர் கழுத்தைப் பார்த்தாள்; விசில் அங்கேயேதான் தொங்கியது. வேலிக்கு அப்பால் நீச்சல் குளம். அங்கே காவலுக்கு நிற்கிற ஆள், ஓடிப் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஊதியிருக்கிறான். அன்று முழுக்க அவன் ஊதினான். ஒவ்வொரு ஊதலுக்கும் இவள் நெஞ்சு ஒரு தடவை நின்று கிளம்பியது. கண்டக்டரோ வேலியோரம் போய்க் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்ன வயசுல ஆத்தை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவேன்" என்றார்.

"அது சின்ன வயசு."

"டாக்டரே சொன்னாரு."

"அவரா வந்து உங்க பக்கத்துல படுத்து மூச்சுப் பாக்கறாரு?"

அறைக்குத் திரும்பும் வழியில் மெதுவாகக் கேட்டார்: "நான் பொழைச்சேனா இல்லையா? ஒண்ணு சொல்லிடு. பொழைச்சிருந்தா வாழ விடு. இல்லைன்னா போர்த்தி விட்டுடு." அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடித்திருந்த அவர் கையை விடவில்லை.

வரும்போது அறை மீண்டும் பழையபடி இருந்தது. அலமாரி அடியிலிருந்து பழுப்புத் துணியைக் கண்டுபிடித்து எடுத்து, தேய்த்ததுபோல் மடித்து, கால்மாட்டில் குறுக்கே போட்டிருந்தார்கள். டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. செருப்புகள் வாசலைப் பார்த்தன. இவள் மறுபடி உருவினாள், நிமிர்த்தினாள், சிதறடித்தாள். முகம் தெரியாத யாரோ ஒருத்தியோடு கட்டில் மேல் போர் நடந்தது.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. மதியம் ஊர் திரும்ப வேண்டும். புறப்படுமுன் அவருக்கு உப்பில்லாத சாப்பாடு கிடைக்குமா என்று சமையற்காரரிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள்.

"அசையக் கூடாது. படுத்திருங்க. வந்துடறேன்."

"ரைட்" என்றார் கண்டக்டர், கூரையைப் பார்த்தபடி.

சமையற்காரர் லேசுப்பட்ட ஆளில்லை. "உப்பில்லாமலா? நான் எதுக்கும்மா இங்க இருக்கேன்?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். "உப்பைப் போட்டா நீங்க இருப்பீங்க, அவர் இருக்க மாட்டார்" என்றாள் இவள். வாக்குவாதம் வளர்ந்தது. ஒரு வழியாக அவர் தலையாட்டியதும் வேகுவேகென்று திரும்பினாள்.

அறைக் கதவு திறந்திருந்தது.

கட்டிலில் அவர் இல்லை. விரிப்பு சுருக்கமின்றி இழுத்துச் செருகியிருந்தது. கால்மாட்டில் மடித்த துணி. மேசையில் கவிழ்ந்த டம்ளர்கள். கட்டிலுக்குக் கீழே இந்த முறை அவருடைய சொந்தத் தோல்செருப்பு, ஜோடி சேர்ந்து, வாசலைப் பார்த்து. டம்ளருக்குப் பக்கத்தில், கயிறு சுற்றி வைத்த விசில்.

கண்டக்டரின் விசில். கழுத்தை விட்டுக் கழற்றக் கூடாத விசில்.

அவள் கத்தவில்லை. அந்த வார்டில் யாரும் கத்த மாட்டார்கள். எத்தனையோ மனைவிகள் காபி வாங்கப் போய்த் திரும்பி வந்து, மடித்த போர்வையைப் பார்த்து, "இங்க படுத்திருந்தாரே, எங்க?" என்று இவளைக் கேட்டிருக்கிறார்கள். இவள் அவர்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள். இப்போது தோளைப் பிடிக்க ஆளில்லை. வாய் தானாக முணுமுணுத்தது: "இங்க படுத்திருந்தாரே... எங்க?"

நடையில் துணி வண்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அறை சுத்தம் செய்கிறவள். "ஐயாவா? வெள்ளைச் செருப்பை மாட்டிக்கிட்டுக் குளத்துப் பக்கம் போனாரும்மா" என்றாள். இவள் காதில் குளம் என்ற சொல் மட்டும் ஏறியது.

ஓடினாள். மின்சார வண்டியே பின்தங்கிவிடும் ஓட்டம். வேலியைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று செடிகளை மிதித்துக்கொண்டு குளத்தின் ஆழமான கரையில் போய் நின்றாள். எதிர்க்கரையோரம், தண்ணீர் மேல், கண்டக்டர் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. கைகள் இரண்டும் விரிந்திருந்தன. முகத்தில் அப்படியொரு அமைதி. அந்த அமைதியை அவள் எத்தனை முகங்களில் துடைத்திருக்கிறாள்!

வாளித் தண்ணீருக்கு மேல் தண்ணீர் அறியாதவள் வார்டம்மா. அது அப்போது ஞாபகம் வரவில்லை. "என்னங்க!" என்று ஒரு சத்தம். கட்டிய துணியோடு குதித்துவிட்டாள்.

தண்ணீர் அவளைப் பிடித்து விழுங்கியது. காலுக்கு அடியில் தரை இல்லை. வாய்க்குள், மூக்குக்குள், காதுக்குள் எல்லாம் நீலம். மேலே எங்கோ வெகுதொலைவில் நீண்ட விசில் ஒன்று கேட்டது. ஒற்றை விசில். 'அவருக்குத்தான் வலிக்குது' என்று நினைத்துக்கொண்டாள்.

ஊதியது குளத்துக் காவலன். ஆனால் ஒற்றை விசிலுக்கு ஆயுள் முழுக்கப் பழகிய காது ஒன்று அந்தத் தண்ணீரிலேயே இருந்ததே! மிதந்துகொண்டிருந்த கண்டக்டர் சட்டென்று காலை ஊன்றி நின்றார். அங்கே மார்பளவுதான் ஆழம். எதிரே ஆழத்தில் ஒரு கை மேலே வந்து முழுகுவதைப் பார்த்தார். அந்தக் கையின் வளையல் அவர் வாங்கித் தந்தது.

இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆற்றை நீந்தினேன் என்று அவர் சொன்னது அதுவரை யாரும் நம்பாத கதை. அன்று பார்த்தவர்கள் நம்பினார்கள். காவலன் ஒரு கையையும் கண்டக்டர் ஒரு கையையும் பிடித்து அவளைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். வயிற்றை அமுக்கியதும் குளத்தில் பாதி வெளியே வந்தது. கண் திறந்தாள்.

அவள் முகத்துக்கு மேலே அவர் முகம். வெளுத்திருந்தது. புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினார். இவள் இருமிக்கொண்டே கையை நீட்டி, அவர் மணிக்கட்டைப் பற்றி, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை அழுத்தினாள்.

"இப்ப எதுக்குடி நாடி?" என்று அலறினார். "நீதான்டி செத்துப் போயிருப்பே!"

"சும்மா இருங்க. பேசினா எண்ணிக்கை தப்பும்."

வாந்தியெடுத்த தண்ணீரில் படுத்துக்கொண்டு அவள் நாடி பார்த்தாள். நாடி குதிரை மாதிரி ஓடியது. ஆனால் இடறவில்லை. ஒரு அடி தவறவில்லை. அடைப்பெடுத்த அந்த நெஞ்சு, குளத்தைத் தாண்டி, ஒரு பெரிய உடம்பைக் கரையேற்றிவிட்டு, இன்னும் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள்.

"நல்லாத்தான் அடிக்குதுங்க" என்றாள்.

"அதைத்தானே டாக்டர் அன்னைக்கே சொன்னாரு, மூதேவி!"

துணி வண்டிப் பெண் துண்டுகளோடு ஓடி வந்தாள். அறைக்குக் கூட்டிப் போய்த் தலை துவட்டிவிட்டாள். வார்டம்மா கட்டிலின் கால்மாட்டைக் காட்டி, "இதை ஏம்மா இப்படி மடிச்சுப் போடறே?" என்று கேட்டாள்.

"சும்மா அழகுக்குத்தாம்மா. டம்ளரு தூசி விழாம இருக்க. செருப்பு, காலை விட்டதும் நேரா நடந்து போக வசதியா. ஏம்மா, நீங்கதானா ரெண்டு நாளா இதையெல்லாம் கலைச்சது?"

வார்டம்மா முதல்முறையாக வார்டுக்கு வெளியே அந்த வழக்கத்தை வாய்விட்டுச் சொன்னாள். கண்டக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். துணி வண்டிப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டாள்.

"ஐயையோ! இன்னும் எத்தனை ரூம் பாக்கி இருக்கு எனக்கு! இனிமே நான் எப்படிம்மா இதை மடிப்பேன்?"

அவள் போனபின் கண்டக்டர் அந்தப் பழுப்புத் துணியை எடுத்து உதறினார். விரித்து மனைவிக்குப் போர்த்தினார். மதியம் கிளம்புவதாக இருந்தது மாலைக்குத் தள்ளிப் போனது; வரவேற்பறைப் பெண்ணே போனில், "ஓய்வெடுங்க சார், அவசரமில்லை" என்றுவிட்டாள். வார்டம்மா படுத்தவுடன் தூங்கினாள். பல மாதத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்குகிறவள் போல, அசைவில்லாமல், சத்தமில்லாமல். அவள் குறட்டையைக் கேட்டுப் பழகியவருக்கு அந்த அமைதி என்னவோ செய்தது.

வெயில் சாய்ந்தபோது மூக்கில் ஏதோ குறுகுறுக்க, கண் திறந்தாள். கட்டிலோரம் அவர் குந்தியிருந்தார். அவர் விரல் இவள் மூக்குக்குக் கீழே நீட்டியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"டிக்கெட் செக்கிங்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விரல்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.